ஒரே எக்ஸ்ரே படத்தில் இரண்டு வருத்தம்: அம்மாவின் எலும்பும் குருதிக்குழாயும்

வலிகாமத்தில் இருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 68 வயது. 45 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. 12 வருடமாகப் பிரஷர், 9 வருடமாகச் சலரோகம். பிரஷருக்கு லொசாட்டன், சலரோகத்துக்கு மெற்போமின், கொழுப்புக்கு அற்றோவஸ்ரற்றின், நெஞ்செரிவுக்கு ஓமெப்பிரசோல் என்று நான்கு குளிசை போடுகிறார். போன மாரியில் கிணத்தடியில் பாசி வழுக்கி விழுந்து வலக்கை மணிக்கட்டு முறிந்தது. முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டிக் கை நேராகிவிட்டது. அதோடு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்னர் தண்ணி வாளியைத் தூக்கும்போது நாரியில் சுரீரென்று ஒரு நோ. எக்ஸ்ரே எடுத்ததில் முதலாம் நாரி முள்ளெலும்பு முன்பக்கம் நசிந்திருக்கிறது என்றும், அதே படத்தில் வயிற்றுப் பெருநாடியின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கல்சியம், விற்றமின் டி, எலும்பு தேய்வதைத் தடுக்கக் கிழமைக்கு ஒன்று போடும் அலென்ட்ரோனேற் என்று மூன்று மருந்தும் கொடுத்திருக்கிறார்கள்.

குழப்பம் அதற்குப் பிறகுதான். பார்க்க வந்த பெரியம்மா, “கல்சியம் எலும்புக்குப் போறதில்லை, நெஞ்சுக் குழாயிலதான் போய் ஒட்டும். எங்கட கிணத்துத் தண்ணிச் சுண்ணாம்பே காணும், இதில குளிசை வேறயோ” என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கே அம்மா மூன்று குளிசையையும் நிறுத்திவிட்டார். பாலும் நெத்தலியும் நின்றன. கிணற்றுத் தண்ணீரை விட்டுப் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கினார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா, குழாயில் படிந்த சுண்ணாம்பைக் கரைத்து எலும்பில் சேர்க்கும் என்று விற்றமின் கே2, டி3 கலந்த மாத்திரைப் போத்தல் அனுப்பியிருக்கிறார். ‘அப்பாவும் முழங்கால் நோவுக்கு அதில் தினமும் ஒன்று போடுகிறார்’ என்று கடிதத்தின் நடுவே ஒரு வரி. இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு வரி: ‘அப்பாவுக்கு இருதய வால்வு மாற்றியபடியால் வோபரின் போடுகிறார்.’

“எலும்பைப் பார்ப்பதா, குழாயைப் பார்ப்பதா, டொக்டர்? ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது கெட்டுவிடும் போலிருக்கிறதே” என்று கேட்கிறார். கடைசியாக, அம்மா நல்லூர் முருகன் கோயில் தேருக்கு அடியழிக்க (அடிக்கு அடி நிலத்தில் வணங்கி வீதி சுற்ற) நேர்த்தி வைத்திருப்பதாகவும், அதற்கு விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அப்பாவின் விஷயம்

நீங்கள் அம்மாவுக்காக எழுதினீர்கள். ஆனால் கடிதத்தை வாசித்ததும் எனக்குப் பதற்றம் வந்தது அப்பாவின் இரண்டு வரியில். வோபரின் என்பது விற்றமின் கே-யின் வேலையைத் தடுத்து இரத்தம் உறையாமல் வைத்திருக்கும் மருந்து. அதே விற்றமினைப் போத்தலில் இருந்து தினமும் உள்ளே கொடுத்தால் மருந்தின் பலம் குறைந்துவிடும். செயற்கை வால்வில் இரத்தக் கட்டி பிடித்தால் வால்வு இறுகலாம், அல்லது கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம். அந்த மாத்திரையை அப்பாவுக்கு இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்தியதோடு விட்டுவிடாமல், நாளைக்கே, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்து வோபரின் கிளினிக்கில் நடந்ததைச் சொல்லுங்கள். இந்த இடைக்காலத்தில் அவர்கள் வோபரின் அளவைக் கூட்டியிருந்தால், மாத்திரை நின்றதும் இரத்தம் அளவுக்கு மிஞ்சி இளகும் ஆபத்தும் உண்டு. கீரையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒரு கிழமை நிறைய, அடுத்த கிழமை ஒன்றுமில்லை என்று இல்லாமல் வழமையான அளவில் சாப்பிட்டால் போதும்.

அண்ணா அன்போடு அனுப்பியது எனக்குத் தெரிகிறது. வெளிநாட்டில் இருந்து வரும் விற்றமின் போத்தலை மருந்தாக நினைக்காமல் விசுக்கோத்துப் பெட்டி மாதிரி வீட்டில் எல்லோரும் எடுப்பதை நான் கிழமைக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன்.

அந்தப் படத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடியுங்கள்

அம்மாவின் எக்ஸ்ரேயில் பக்கவாட்டாக எடுத்த படத்தை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். முள்ளெலும்புகள் தீப்பெட்டி அடுக்கின மாதிரி நிற்கும். அதில் ஒன்று முன்பக்கம் மட்டும் அமுங்கி ஆப்பு வடிவில் இருக்கும். மற்ற எலும்புகளும் பளிச்சென்று வெள்ளையாக இல்லாமல், வெறும் வரம்பு மட்டும் கீறிய மாதிரி மங்கலாகத் தெரியும். இப்போது அந்த அடுக்குக்கு முன்னால் ஓரிரண்டு விரல் தள்ளிப் பாருங்கள். சோக்கால் விட்டுவிட்டுக் கீறிய மாதிரி இரண்டு வெள்ளைக் கோடு இறங்கும். அது பெருநாடியின் சுவர். சுகமான பெருநாடி சாதாரண எக்ஸ்ரேயில் இப்படிக் கோடாகத் தெரியாது.

வெளுக்க வேண்டிய எலும்பு மங்கியும், தெரியக்கூடாத குழாய் வெளுத்தும் நிற்கும் இந்தக் காட்சி உங்கள் அம்மாவுக்கு மட்டும் உரியதல்ல. வயதாகும்போது, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களில், இரண்டும் சேர்ந்து நடப்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வில் ஒரே ஆட்களை 25 வருடம் தொடர்ந்து பார்த்து 2001இல் எழுதினார்கள். அந்த 25 வருடத்தில் எலும்பை அதிகம் இழந்த பெண்களில் பெருநாடிச் சுண்ணாம்பும் அதிகம் கூடியிருந்தது. ஆண்களில் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. 2009இல் சுவீடனில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. இருதய வருத்தமோ பாரிசவாதமோ வந்தவருக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து அதிகம். அந்த வருத்தம் இல்லாத மற்ற இரட்டையருக்கும் அந்த ஆபத்துக் கூடியிருந்தது. இரண்டுக்கும் பரம்பரையில் ஒரு பொது வேர் இருக்கிறது என்றுதான் அதை விளங்கிக்கொள்கிறோம்.

இதைப் பார்த்த யாருக்கும் ‘எலும்பில் இருந்த சுண்ணாம்பு கழன்று குழாயில் போய் ஒட்டிவிட்டது’ என்றுதான் தோன்றும். பெரியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடப்பது வேறு.

கேத்திலில் படிவதும் குழாயில் படிவதும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத எங்களுக்கு அந்தக் கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணிதான் கிணறு. அதைக் கொதிக்க வைத்தால் கேத்தில் அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். என் அம்மா தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்து அதைச் சுரண்டி எடுப்பார். அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ‘குழாயில் சுண்ணாம்பு’ என்றதும் அந்தப் பொருக்குத்தான் கண்ணில் வரும்.

கேத்திலில் இருப்பது கல்சியம் காபனேற். தண்ணி சூடானதும் தானாகப் படிவது. பெருநாடிச் சுவரில் இருப்பது கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த பளிங்கு. எங்கள் எலும்பையும் பல்லையும் கட்டியிருக்கும் அதே பொருள். நாங்கள் வாய்ப்பழக்கத்தில் சுண்ணாம்பு என்கிறோம், உண்மையில் அது எலும்புப் பொருள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜேர்மனிய நோயியல் அறிஞர் றூடொல்ப் விர்ச்சோ, நாடிச் சுவரில் காண்பது வெறும் படிவல்ல, எலும்பாதல் என்று எழுதினார். இன்றைக்கு அதன் காரணமும் தெரியும். பிரஷர், சீனி, கெட்ட கொழுப்பு, புகை, சிறுநீரகப் பழுது என்று வருடக்கணக்காக அடிபட்ட குழாய்ச் சுவரின் தசைக் கலங்கள் தங்கள் சுபாவத்தை விட்டு எலும்பு கட்டும் கலங்களைப் போல வேலை செய்யத் தொடங்குகின்றன. கல்சியம் அங்கே கட்டட வேலைக்கு வரும் கல்லும் மண்ணும் மாதிரி. கல் வந்ததால் வீடு கட்டவில்லை. கட்டுகிற ஆள் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டார், அதனால் கல் போகிறது.

எலும்பிலோ மறுபக்கம். அங்கே வாழ்நாள் முழுக்க இடிக்கும் கலங்களும் கட்டும் கலங்களும் மாறிமாறி வேலை செய்கின்றன. வளர்ந்தவரின் எலும்பில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்களவு புதிதாகிறது. ஈஸ்திரஜன் இருக்கும்வரை இடிக்கும் கை அடங்கி நிற்கும். மாதவிடாய் நின்றதும் அது ஓங்கிவிடும். முதல் ஐந்து தொடக்கம் பத்து வருடத்தில் எலும்பு வேகமாகக் குறையும். அம்மாவுக்கு 45இலேயே நின்றபடியால் அந்தக் கணக்கு முந்தியே தொடங்கிவிட்டது. அதே ஈஸ்திரஜன்தான் குழாய்களுக்கும் காவல். அது போனதும் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பாதிக்கப்படுகின்றன. சலரோகம் இரண்டையும் கெடுக்கும். உடலில் நீறுபூத்த நெருப்பு மாதிரிக் கிடக்கும் அழற்சியும் இரண்டையும் கெடுக்கும். எலும்பும் இரத்த ஓட்டத்தில் வாழும் பொருள்தான், அதற்குள் ஓடும் சிறு குழாய்கள் வயதோடு குறையும்போது எலும்பு கட்டுவதும் மந்தமாகிறது.

எலிகளில் செய்த இரண்டு சோதனை இதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியவை. குழாய்ச் சுவரில் எலும்பு கட்டாமல் தடுக்க உடல் ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. 1997இல் அந்தப் புரதம் இல்லாமல் எலிகளைப் பிறக்க வைத்தார்கள். நாடிகள் சுண்ணாம்பாகி வெடித்து, அந்த எலிகள் இரண்டு மாதத்துக்குள் இறந்தன. அடுத்த வருடம், எலும்பை இடிக்கும் கலங்களை அடக்கும் இன்னொரு புரதத்தை நீக்கினார்கள். அந்த எலிகளில் எலும்பு தேய்ந்தது, கூடவே பெருநாடியிலும் சுண்ணாம்பு கட்டியது. சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ இல்லாமல், காவலை எடுத்ததாலேயே இவை நடந்தன.

ஆகவே கிணற்றுத் தண்ணீரால் குழாய் இறுகவில்லை. தண்ணீரில் உள்ள கல்சியத்தைக் குடல் பாலில் உள்ளதைப் போலவே எடுத்துக்கொள்ளும். லீற்றருக்கு 100 மில்லிகிராம் உள்ள தண்ணீரை இரண்டு லீற்றர் குடித்தால் 200 மில்லிகிராம் எலும்புக்கு வரவு. கிணற்றை வேறு காரணங்களுக்காகப் பரிசோதியுங்கள். தோட்டத்துப் பசளையால் வரும் நைத்திரேற்றும் மலக்குழியால் வரும் கிருமியும் எங்கள் பக்கத்து உண்மையான தொல்லைகள்.

கல்சியத்தை நிறுத்தியது சரியா?

உணவில் இருந்து நிறுத்தியது பிழை. அதில் எனக்கு ஐயமே இல்லை. குளிசை விஷயத்தில் பெரியம்மாவின் பயத்துக்கு ஒரு சிறு அடிப்படை உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2010இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கல்சியக் குளிசை போட்டவர்களில் மாரடைப்பு ஏறத்தாழ 30 வீதம் அதிகம் என்று எழுதினார்கள். உலகம் முழுக்க அது பெரிய சர்ச்சையானது. பின்னால் வந்த வேறு ஆய்வுகளில் அந்த ஆபத்துத் தெரியவில்லை. 2016இல் அமெரிக்க எலும்புத் தேய்வு அமைப்பும் இருதயத் தடுப்பு வைத்தியர் சங்கமும் கூடிப் பார்த்து, உணவும் குளிசையும் சேர்ந்து மேல் எல்லையைத் தாண்டாதவரை இருதயத்துக்குத் தீமையும் இல்லை, நன்மையும் இல்லை என்றார்கள். அதே வருடம் வெளிவந்த வேறோர் ஆய்வில், உணவில் நிறையக் கல்சியம் எடுத்தவர்களுக்கு இருதய நாடியில் சுண்ணாம்பு புதிதாக வருவது குறைவாகவும், குளிசை எடுத்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவும் தெரிந்தது. குளிசை ஒரேயடியாக இரத்தத்தில் கல்சியத்தை ஏற்றுகிறது, உணவு மெல்ல ஏற்றுகிறது என்பது ஒரு விளக்கம்.

இதில் நான் எடுத்த முடிவு நேரானது. தட்டில் இருந்து எவ்வளவு வருமோ அவ்வளவும் தட்டில் இருந்து வரட்டும். குறைவதை மட்டும் குளிசையால் நிரப்புவோம்.

50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் தேவை. நீங்கள் எழுதிய அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். பாலை நிறுத்திய பிறகு 400ஐத் தாண்டவில்லை. ஒரு கப் பால் அல்லது தயிரில் ஏறத்தாழ 250 கிடைக்கும், ஆடை நீக்கிய பாலிலும் அதே அளவுதான். 50 கிராம் குரக்கன் மாவில் 170 அளவு. ஒரு மேசைக்கரண்டி தோல் நீக்காத எள்ளில் 80க்கு மேல். நெத்தலியை முள்ளோடு சாப்பிட வேண்டும். கருவாடாக என்றால் உப்பு நிறைய, உப்புப் பிரஷரையும் ஏற்றும், சிறுநீரில் கல்சியத்தையும் கழிக்கும், ஆகவே பச்சை நெத்தலியே நல்லது. முருங்கையிலை வறை, அகத்தி, மோர் எல்லாம் சேரும். காலையில் குரக்கன் புட்டு, மத்தியானம் கீரையும் சின்ன மீனும், இரண்டு நேரம் பாலோ தயிரோ என்று வைத்தால் 900 தொடக்கம் 1000 வரை வந்துவிடும். மிச்சத்துக்கு நாளுக்கு ஒரு கல்சியக் குளிசை மத்தியானச் சாப்பாட்டோடு போதும்.

குளிசைப் பெட்டியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கல்சியம் காபனேற்றில் நூற்றுக்கு 40 பங்கு கல்சியம். எங்கள் கிளினிக்குகளில் பழக்கமான கல்சியம் லக்ரேற்றில் 13 பங்குதான், 300 மில்லிகிராம் குளிசையில் உண்மையான கல்சியம் 39 மில்லிகிராம். ‘ஒன்று போடுகிறேன்’ என்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். காபனேற் கரைய வயிற்று அமிலம் வேண்டும், ஓமெப்பிரசோலோ அந்த அமிலத்தைக் குறைக்கும். நெஞ்செரிவு இப்போதும் இருக்கிறதா, அந்தக் குளிசை இன்னும் தேவையா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

விற்றமின் டி எண்ணூறு அலகு அளவில் தினமும் போதும். இவ்வளவு வெயிலில் எதற்கு என்று கேட்பீர்கள். வெயில் முற்றத்தில், அம்மா அடுப்படியில். அதற்காக வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஊசியாக, பெரிய குளிகையாக எடுக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு வருடத்துக்கொரு தடவை ஐந்து லட்சம் அலகு கொடுத்துப் பார்த்தபோது விழுவதும் முறிவதும் கூடியதாக 2010இல் கண்டார்கள்.

இனி அண்ணாவின் கே2. குழாய்ச் சுவரைக் காக்கும் அந்தப் புரதம் வேலை செய்ய விற்றமின் கே வேண்டும் என்பது உண்மை. அதில் இருந்துதான் ‘சுண்ணாம்பைக் கரைக்கும்’ என்ற பேச்சுப் பிறந்தது. ஆனால் மனிதரில் கொடுத்துப் பார்த்தபோது அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. டென்மார்க்கில் பெருநாடி வால்வில் சுண்ணாம்பு உள்ள ஆண்களுக்கு இரண்டு வருடம் கே2உம் டியும் கொடுத்து 2022இல் முடிவு சொன்னார்கள், படிவு வளரும் வேகம் குறையவில்லை. அம்மாவுக்கு அதனால் பெரிய தீமை வராது, அவர் வோபரின் எடுப்பதில்லை. ஆனால் அப்பாவின் கைக்கு எட்டும் இடத்தில் அந்தப் போத்தல் இருக்கக்கூடாது என்பதாலேயே வீட்டை விட்டு அகற்றச் சொல்கிறேன்.

எது அவசரம்?

‘எலும்பா, குழாயா’ என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும், ஒன்றின் மருந்து மற்றதைக் கெடுக்காது. ஆனால் நின்ற நிலையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது ஒரு எச்சரிக்கை, வாளி தூக்கி முள்ளெலும்பு நசிந்தது இரண்டாவது எச்சரிக்கை. புதிதாக முள்ளெலும்பு நசிந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்று நசிகிறது. மூன்று மாதம் மருந்தில்லாமல் போய்விட்டது. கிழமைக்கு ஒன்று போடும் அந்த அலென்ட்ரோனேற்றை நிறுத்தியதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு அப்பாவின் விஷயத்துக்கு அடுத்த கவலை.

அதை மறுபடி தொடங்குமுன் இரத்தத்தில் கிரியற்றினின், கல்சியம், பொசுபேற், அல்கலைன் பொஸ்பற்றேஸ், விற்றமின் டி, ஈ.எஸ்.ஆர். பார்க்கச் சொல்லுங்கள். கிரியற்றினினை வைத்துக் கணிக்கும் சிறுநீரக வடிகட்டல் அளவு 35க்குக் கீழே என்றால் அலென்ட்ரோனேற் பொருந்தாது. வேறு மருந்து உண்டு. இரத்தக் கல்சியம் கூடியிருந்தால், அதைக் கட்டுப்படுத்தும் பராதைரொயிட் சுரப்பியைப் பார்க்க வேண்டும். அது மிகையாகச் சுரக்கும்போது, எலும்பில் இருந்து கல்சியம் கழன்று வெளியேறுகிறது என்ற எண்ணம் ஓரளவு மெய்யாகும். ஆகவே அதைப் பார்க்காமல் நாங்களும் கல்சியக் குளிசை எழுதுவதில்லை. பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலே பிடுங்கிவிடுங்கள்.

குளிசையைப் போடும் முறை முக்கியம். கிழமையில் ஒரு நாள், விடிய எழும்பியதும், தேத்தண்ணிக்கும் முந்தி, வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் வெறும் தண்ணியோடு. அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, வேறொன்றும் சாப்பிடக்கூடாது. படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இங்கே யாழ்ப்பாணத்தவர்களுக்கு மட்டும் ஒரு புத்தி சொல்வேன். கல்சியம் நிறைந்த தண்ணீர் இந்த மருந்தைக் குடலில் பிடித்து வைத்துவிடும், உடலில் சேர விடாது. நீங்கள் வாங்கி வைத்திருக்கும் போத்தல் தண்ணீருக்கு இந்த ஒரு கிளாசில்தான் வேலை, அதிலும் லேபலில் கல்சியம் குறைவாக உள்ளதைப் பார்த்து எடுங்கள். மற்ற நேரம் வழமையான தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கட்டும். கல்சியக் குளிசை அன்றைக்கு மத்தியானத்துக்குத்தான்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கான் இல்லாமல் மருந்து எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். இளவயதுப் பெண்ணின் எலும்போடு ஒப்பிட்டு அந்த ஸ்கான் தரும் ரி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. ஆனால் முள்ளெலும்பு இப்படி நசிந்தவருக்கு ஸ்கோர் பார்க்காமலே அந்தப் பெயர் வைக்கலாம். அதோடு அம்மாவைப் போன்றவர்களில் ஸ்கான் ஏமாற்றவும் கூடும். நசிந்த எலும்பு அடர்த்தியாகத் தெரியும், முன்னால் இருக்கும் பெருநாடிச் சுண்ணாம்பும் முள்ளந்தண்டின் கணக்கில் சேர்ந்துவிடும், சலரோகக்காரரின் எலும்பு ஸ்கோரில் நன்றாக இருந்தும் உள்ளே பலவீனமாக இருக்கும். ஸ்கான் எடுத்தால் இடுப்பெலும்பின் ஸ்கோரைக் கேளுங்கள்.

குழாய்ப் பக்கத்துக்குப் புதிய மருந்து ஒன்றும் வேண்டியதில்லை. இருக்கும் மருந்தை ஒழுங்காகப் போட வேண்டும். பெருநாடியில் தெரியும் அந்தக் கோடு, இருதய நாடியிலும் மூளை நாடியிலும் நோய் இருக்கலாம் என்று சொல்லும் அறிவித்தல். கெட்ட கொழுப்பு 70க்குக் கீழே, பிரஷர் 130/80 அளவில், மூன்று மாதச் சீனிக் கணக்கு டொக்டர் சொன்ன எல்லைக்குள். ‘அற்றோவஸ்ரற்றின் போட்டால் ஸ்கானில் சுண்ணாம்பு கூடுமாம்’ என்று யாராவது சொல்லக்கூடும். கூடலாம். மெத்தென்று இருக்கும் கொழுப்புப் படிவு இறுகி உறுதிப்படுவதால் அப்படித் தெரியும். இறுகிய படிவு வெடித்து மாரடைப்பைத் தருவது குறைவு. அந்தக் குளிசையை யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்.

இரண்டு கிளினிக் கொப்பி

அம்மாவிடம் சலரோகக் கிளினிக் கொப்பி ஒன்றும், முறிவுக்குக் காட்டிய துண்டுகள் தனியாகவும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு டொக்டர் பிரஷர்க் குளிசையைக் காணவில்லை, சலரோக டொக்டருக்கு மணிக்கட்டு முறிந்ததே தெரியாது. அடுத்த கிளினிக்குக்கு இரண்டையும், அந்த எக்ஸ்ரே படத்தையும் சேர்த்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். இருந்தபடியும், எழும்பி நின்று மூன்று நிமிடத்திலும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். எழும்பும்போது மேல் அளவு 20 குறைந்தால் தலை சுற்றும், விழுவார், அடுத்தது இடுப்பெலும்பு. மெற்போமினை நெடுங்காலம் போட்டவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்து பாதம் மரத்துப்போகலாம், அதையும் பாருங்கள்.

வீட்டில், கிணத்தடிப் பாசியை இந்தக் கிழமையே உரஞ்சிக் கழுவி, பிடிக்க ஒரு கம்பி அடியுங்கள். வாளி தூக்குவது இனி அம்மாவின் வேலை இல்லை. முற்றம் கூட்ட நீளக் கம்பு போட்ட விளக்குமாறு. திருவலையில் குந்தி முன்னுக்கு வளைந்து தேங்காய் திருவுவதையும் விடட்டும். நடக்க விடுங்கள், நாளுக்கு அரை மணித்தியாலம், நோ அனுமதிக்கும் அளவுக்கு. கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பது, சுவரைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்துவது என்று பத்துத் தரம். நடை எலும்புக்கும் குழாய்க்கும் ஒன்றாகப் பலன் தருவது. படுத்தே கிடந்தால் இரண்டும் தேயும்.

காலில் புதிதாகப் பலக்குறைவு, மரப்பு, சலம் போவதில் தடை, இரவில் எழுப்பும் நோ, காய்ச்சல், மெலிவு ஏதும் வந்தால் கிளினிக் நாள் பார்த்துக் காத்திருக்காமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

நல்லூர் நேர்த்தி

அடியழிப்பது என்றால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் இருந்து முன்னுக்கு வளைந்து நிலத்தில் வணங்கி எழும்புவது. வீதியைச் சுற்றி வர அது நூற்றுக்கணக்கான தரம். நசிந்த முள்ளெலும்பின் முன்பக்கத்தில் பாரம் விழுவது சரியாக அந்த வளைவில்தான். இந்த வருடம் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். மருந்து ஒரு வருடம் போன பிறகும் யோசித்துத்தான் சொல்வேன்.

அம்மா அதை ஏற்றுக்கொள்ள மாட்டார் என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நேர்த்தியை மாற்றுவது வைத்தியன் சொல்லக்கூடியதல்ல, அது அவருக்கும் முருகனுக்கும் இடையில். ஆனால் இந்தக் கேள்வியோடு வந்த பல அம்மாமார் கோயில் ஐயரிடம் கேட்டு, அடியழிப்பதற்குப் பதிலாக வீதி சுற்றி நடந்து முடித்திருக்கிறார்கள். அம்மாவையும் விடிகாலைப் பூசைக்கு, மணல் சுடுமுன் கூட்டிக்கொண்டு போங்கள். சன நெரிசல் இல்லாத கொடியேற்றத்துக்கு அடுத்த நாட்களில் ஒன்றாக இருக்கட்டும், தேரன்று வேண்டாம். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே சுற்றட்டும்.